பராக்குப் பார்க்கும் பிள்ளை

மாலை நேரத்தில் நம் மளிகைக் கடை ஒன்றில் சற்று நின்று பார்த்தால் ஓர் அதிசயம் விளங்கும். வாசலில் லாரி நின்று அரிசி மூட்டை இறங்குகிறது. அஞ்சடியில் இருவர் உரக்கப் பேசிக்கொண்டு போகின்றனர். வானொலி தன்பாட்டுக்குப் பாடுகிறது. கல்லாவில் இருக்கும் முதலாளியோ, எதிரே நிற்கும் வாடிக்கையாளர் மெல்லிய குரலில் சொல்லும் ஆறு சாமான்களையும் ஒன்று விடாமல் கேட்டு, விலை போட்டு, சில்லறையும் எண்ணிக் கொடுத்துவிடுகிறார். மற்ற ஓசைகள் அவர் காதில் விழாமல் இல்லை. விழுந்தவற்றை அவர் உள்ளே விடுவதில்லை, அவ்வளவுதான்.

அதே கடையில், எண்ணெய் டின்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறு மேசை. அதன்முன் ஏழு வயதுப் பிள்ளை கணக்குப் புத்தகத்துடன் அமர்ந்திருக்கிறான். லாரி வந்தால் லாரியைப் பார்க்கிறான். பூனை ஓடினால் பூனையைப் பார்க்கிறான். ஒன்றும் வராவிட்டால், ஏதாவது வருகிறதா என்று பார்க்கிறான். ஒரு மணி நேரத்தில் நான்கு கணக்குதான் முடிகிறது. அத்தா என்று அழைக்கப்படுபவராயினும் வாப்பா என்று அழைக்கப்படுபவராயினும் தகப்பனார் சொல்லும் வார்த்தை ஒன்றேதான்: "பராக்குப் பார்க்காமல் எழுதுடா!" அடுத்த ஆண்டும் இதே நிலை என்றால், "இவனுக்குப் படிப்பு ஏறாது, கொஞ்சம் தலையெடுத்ததும் கடையிலேயே போட்டுவிட வேண்டியதுதான்" என்று தீர்ப்பும் ஆகிவிடுகிறது.

கடையில் போடுவதில் இழிவு ஒன்றுமில்லை. நம்மில் பலர் அங்கிருந்தே வந்தவர்கள். ஆயினும் ஏழு வயதில் கண்ட குறைக்காகப் பதினேழு வயதின் வழியை அடைப்பது சரிதானா என்பதுதான் கேள்வி. பராக்குப் பார்க்காதிருத்தல், பிள்ளை மனம் வைத்தால் உடனே செய்யக்கூடிய காரியமா, அன்றிப் பல் முளைப்பதுபோல வயதோடு வரும் ஒன்றா? மனோதத்துவ நூலார் இதனை ஏறக்குறைய அறுபது ஆண்டுகளாகப் பிள்ளைகளை வைத்தே சோதித்து வந்துள்ளனர். அவர்கள் கண்டவற்றுள் நமக்குப் பயன்படுவனவற்றை இங்கே பார்ப்போம்.

முதலில் பெரியவர்களைப் பற்றி ஒரு சொல். 1953-ஆம் ஆண்டில் காலின் செர்ரி என்பவர், ஒருவருடைய இரு காதுகளிலும் ஒரே சமயத்தில் இரு வேறு பேச்சுகளை ஒலிக்கச் செய்து, ஒரு காதில் கேட்பதை மட்டும் திருப்பிச் சொல்லும்படி கேட்டார். அவர்கள் தடங்கலின்றிச் சொன்னார்கள். மற்றக் காதில் ஒலித்தது என்ன என்று கேட்டபோது, ஆண் குரலா பெண் குரலா என்பதற்கு மேல் பெரும்பாலும் சொல்லத் தெரியவில்லை. நடுவில் அப்பேச்சு ஆங்கிலத்திலிருந்து ஜெர்மன் மொழிக்கு மாறியதைக்கூட அவர்கள் அறியவில்லை. கல்லாவில் இருக்கும் முதலாளி தினந்தோறும் செய்வது இதைத்தான்.

பிள்ளைகளால் இது முடியுமா? அமெரிக்கப் பேராசிரியை எலினார் மக்கோபி 1966-இல் தம் துணைவர் ஒருவருடன் சேர்ந்து இதைச் சோதித்தார். ஓர் ஆண் குரலும் ஒரு பெண் குரலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சொற்களைச் சொல்லும். குறித்த ஒரு குரல் சொன்னதை மட்டும் பிள்ளை சொல்ல வேண்டும். பாலர் பள்ளிப் பிள்ளைகள் மிகவும் தடுமாறினர். இரண்டாம் வகுப்பினர் அவர்களிலும் நன்றாகவும், நான்காம் வகுப்பினர் இன்னும் நன்றாகவும் சொன்னார்கள்.

இதற்கு முந்திய ஆண்டில் அவரும் ஜான் ஹேகன் என்பவரும் செய்த சோதனையை நாம் இன்னும் முக்கியமாகக் கருதுகிறோம். பல வண்ண அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் வண்ணத்தின்மேல் ஒரு படம். "வண்ணத்தை மட்டும் நினைவில் வை" என்று பிள்ளைக்குச் சொல்லி, அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கவிழ்த்து வைத்தார்கள். பிறகு எந்த வண்ணம் எந்த இடத்தில் என்று கேட்டார்கள். முதல் வகுப்பிலிருந்து மூன்று, ஐந்து, ஏழு என்று மேலே போகப் போக, எதிர்பார்த்தபடியே பிள்ளைகளின் விடை திருத்தமாயிற்று. அப்புறந்தான் வேடிக்கை. சொல்லாமல் வைத்திருந்த ஒரு கேள்வியைக் கேட்டார்கள்: "எந்த வண்ணத்தின்மேல் எந்தப் படம் இருந்தது?" நினைவாற்றல் வயதோடு வளர்கிறது என்றால் இதிலும் மூத்த பிள்ளைகளல்லவா வெல்ல வேண்டும்? அவர்கள் வெல்லவில்லை. ஏழாம் வகுப்பினர் படங்களை முன்னிலும் குறைவாகவே நினைவு வைத்திருந்தனர். அதாவது, வளர்ந்த பிள்ளை கூடுதலாகப் பெற்றுக்கொண்டது வெறும் நினைவாற்றலை அன்று. வேண்டாததை விட்டுவிடும் ஆற்றலை. சின்னப் பிள்ளை வண்ணத்தையும் படத்தையும் ஒரே கையில் அள்ளுகிறது. பெரிய பிள்ளை பொறுக்கி எடுக்கிறது.

இன்னொரு சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையால் எழுதுங்கள். 'நீலம்' என்பதை மஞ்சள் மையால் எழுதுங்கள். இவ்வாறு இருபது சொற்கள். எழுத்தைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்ல வேண்டும். பெரியவர்களும் திணறுவார்கள். 1935-இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்பவர் வெளியிட்டதால் அவர் பெயராலேயே இது வழங்குகிறது. 1962-இல் ஏழு வயது முதல் எண்பது வயது வரையுள்ளவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். மிகவும் திணறியவர்கள் ஏழு வயதுப் பிள்ளைகளே. பதினேழு பத்தொன்பது வயது வரை அந்தத் திணறல் குறைந்துகொண்டே வந்தது. பிறகு நெடுநாள் மாற்றமில்லை. முதுமையில் மறுபடியும் ஏறியது. பேரனைப் பராக்குப் பார்க்கிறான் என்று கடிந்துகொள்ளும் பாட்டனார் இதைக் கவனிக்க வேண்டும். எழுத்தே தெரியாத நான்கு வயதுக் குழந்தைக்கு இதில் தடையே இல்லை, அதற்கு எல்லாம் வெறும் நிறந்தான். படிக்கத் தெரிந்த பின்னரே, படிக்காமல் இருப்பது சிரமமாகிறது.

எல்லாத் திறமையும் ஒரே வயதில் முற்றுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2004-இல் ஸ்பெயினைச் சேர்ந்த ரோசரியோ ருவேடாவும் அவருடைய துணைவர்களும், ஐந்து மீன்கள் வரிசையாக நீந்தும் படத்தைக் காட்டி, நடுமீன் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துப் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பக்கத்து மீன்கள் எதிர்ப்பக்கம் போனால் சிறுவர்கள் ஏமாறுவார்கள். ஆறு வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அதற்கு மேல் அந்த எளிய விளையாட்டில் பெரிய மாற்றமில்லை. ஆனால் நீண்ட பாடத்தைப் படிப்பதும், பேச்சொலிக்கு நடுவே மனனம் செய்வதும் மீன் விளையாட்டைப் போல எளியவை அல்ல. அவற்றில் வளர்ச்சி பதின்ம வயதிலும் தொடர்கிறது.

இதற்கு உடற்கூற்றிலே காரணமுண்டு. "இது வேண்டும், அது வேண்டாம்" என்று அதிகாரம் செய்யும் வேலை பெரும்பாலும் நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளையின் முன்பகுதியைச் சார்ந்தது. மூளையின் மற்றப் பகுதிகள் முன்னே முற்ற, இதுவோ கடைசியில் முற்றுகிறது. நரம்பிழைகளின்மேல் கொழுப்புறை படிந்து செய்தி விரைந்து செல்வதும், வேண்டாத இணைப்புகள் கழிக்கப்படுவதும் இங்கே இருபது வயதைக் கடந்தும் நடக்கின்றன. கண்ணும் காதும் கடையைத் திறந்து வைத்துவிட்டன. கணக்கப்பிள்ளை இன்னும் வேலைக்கு வந்து சேரவில்லை என்று சொன்னால் நம்மவர்களுக்கு எளிதில் விளங்கும்.

"சத்தத்துக்குப் பழகிவிடுவான்"

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பது நமக்குத் தெரியும். "நாங்கள் எல்லாம் கடைச் சத்தத்தில் வளர்ந்தவர்கள்தாமே? இவனும் பழகிவிடுவான்." கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் பழகுவது எப்படிப்பட்ட பழக்கம் என்று பார்க்க வேண்டும்.

நியூயார்க் நகரில் பெரிய நெடுஞ்சாலை ஒன்றின் மேலேயே 32 மாடிகள் கொண்ட குடியிருப்புகள் கட்டப்பட்டிருந்தன. கீழ்மாடிகளில் வாகன இரைச்சல் மிகுதி. மேலே போகப் போகக் குறைவு. 1973-இல் மூன்று ஆராய்ச்சியாளர்கள் அங்கே வாழ்ந்த பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். ஏறக்குறைய ஒரே ஒலியுடைய இரு சொற்களை வேறுபடுத்தி அறிவதில் கீழ்மாடிப் பிள்ளைகள் பின்தங்கினர். வாசிப்பிலும் பின்தங்கினர். நீண்ட காலம் அங்கே வாழ்ந்த பிள்ளைகளிடம் இது தெளிவாகத் தெரிந்தது. அவர்கள் காதில் குறையில்லை. இரைச்சலைத் தள்ளப் பழகியபோது, எது இரைச்சல், எது பாடம் என்று பிரிக்காமல் எல்லா ஒலியையும் சேர்த்தே தள்ளப் பழகிவிட்டார்கள் என்பது ஆராய்ச்சியாளர் தந்த விளக்கம். முதலாளி வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை விடுகிறார். பிள்ளையோ கதவையே சாத்திவிடுகிறது. "கூப்பிட்டால் காதில் விழுவதேயில்லை" என்று நாம் குறைபட்டுக்கொள்ளும் பிள்ளைகளுள் சிலரேனும் இந்த வகையினராக இருக்கலாம்.

அதே நகரில் உயரப் பாலத்து ரயில்பாதையை ஒட்டி ஒரு பள்ளி இருந்தது. ரயில் போகும்போதெல்லாம் ஆசிரியர் பேச்சை நிறுத்த வேண்டும். 1975-இல் ஆர்லீன் பிரான்சாஃப்ட் என்ற அம்மையார், ரயில் பக்கத்து வகுப்பறைகளில் படித்த பிள்ளைகளையும் அமைதியான மறுபக்கத்தில் படித்தவர்களையும் ஒப்பிட்டார். பள்ளி ஒன்று, பாடம் ஒன்று. ஆயினும் வாசிப்பில் ரயில் பக்கத்துப் பிள்ளைகள் பின்தங்கியிருந்தார்கள். மேல்வகுப்பில் அந்தப் பின்னடைவு ஏறத்தாழ ஓராண்டு அளவுக்குப் போயிற்று. பிறகு தண்டவாளத்துக்கு ரப்பர் மெத்தையும் வகுப்பறைக் கூரைக்கு ஒலியடக்கும் தட்டியும் போடப்பட்டன. 1981-இல் அவர் மறுபடி பார்த்தபோது இரு பக்கத்துப் பிள்ளைகளும் சமமாக இருந்தார்கள். பிள்ளைகளை யாரும் கண்டிக்கவில்லை, பிரம்பெடுக்கவில்லை. தண்டவாளத்தைத் திருத்தினார்கள். இந்த ஒரு செய்திக்காகவே இக்கட்டுரையை எழுதலாம் என்று நமக்குத் தோன்றிற்று.

ஓசையிலும் பேதமுண்டு. மின்விசிறியின் ஒரே சீரான இரைச்சல் அவ்வளவாகக் கெடுப்பதில்லை. மனிதப் பேச்சே மிகவும் கெடுப்பது. எண்களைப் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லி, அதே நேரத்தில் சம்பந்தமில்லாத சொற்களை ஒலிக்கவிட்டு 2002-இல் நடந்த சோதனையில், பெரியவர்களைவிடப் பிள்ளைகளும், பிள்ளைகளிலும் இளையவர்களும் அதிகமாகத் தவறினார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு, பக்கத்தில் நடக்கும் விலைபேச்சைக் கேட்காதிருப்பது நமக்கு இருப்பதைவிடப் பன்மடங்கு கடினம். இனி, கண்ணுக்குத் தடையாவதும் உண்டு. 2014-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில பாடங்களைச் சுவர் நிறையப் படங்கள் ஒட்டிய அறையிலும், சில பாடங்களை வெறுஞ்சுவர் அறையிலும் நடத்தினார்கள். படங்கள் நிறைந்த அறையில் நேரத்தில் நூற்றுக்கு 38 பங்குக்கு மேல் பராக்கிலே போயிற்று. வெறும் அறையில் 28 பங்கு. பாடத்தைக் கேட்டபோது சரியான விடை முன்னதில் நூற்றுக்கு 42, பின்னதில் 55. பிஸ்கட் டின்னும் மிட்டாய்ச் சரமும் பல வண்ணச் சோப்புக் கட்டியும் அடுக்கிய நம் கடைச் சுவரைவிடப் படம் நிறைந்த சுவர் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது?

கைக்குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும் ஒரு செய்தி. 2008-இல் ஒன்று முதல் மூன்று வயதுள்ள குழந்தைகள் விளையாடும் அறையில், பெரியவர்களுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றை அரைமணி நேரம் ஓடவிட்டு, அரைமணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். குழந்தைகள் திரையை அதிகம் பார்க்கவேயில்லை. அவ்வப்போது சில விநாடிதான். ஆயினும் அது ஓடிய நேரத்தில் அவர்களுடைய விளையாட்டு துண்டு துண்டாயிற்று. ஒரே பொருளில் ஆழ்ந்து இருந்த நேரமும் குறைந்தது. "அது பார்ப்பதேயில்லை, சும்மா ஓடுகிறது" என்று சொல்வது பொருந்தாது.

என்ன செய்யலாம்?

கடைக்குப் பின்னாலோ மாடியிலோ ஒரு மூலை இல்லாத வியாபாரி சிலரே. அந்த மூலையில் மேசையைச் சுவர் நோக்கிப் போடுங்கள். கைபேசியை வேறோர் அறையில் வையுங்கள். மூலையே இல்லாதவர்கள் கூட்டம் குறைந்த வேளையைப் பிள்ளைக்கு ஒதுக்கலாம். ஏழு எட்டு வயதில் ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்காரச் சொல்வதைவிட, கால்மணி எழுதி, எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மறுபடி கால்மணி எழுதுவது மேல் என்பது நம் கருத்து. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்த அளவு பொருந்தாது. அதற்கு நீண்ட நேரம் கொடுக்கலாம்.

பிள்ளையின் கவனத்தை மிகவும் குலைப்பவர்கள் நாமே என்பதையும் சொல்லாமல் முடியாது. கணக்குப் பாதியில் இருக்கும்போது, "இந்தப் பையைக் கொண்டுபோய் அண்ணனிடம் கொடு", "பக்கத்துக் கடையில் ஐம்பது வெள்ளிக்குச் சில்லறை மாற்றி வா" என்று அனுப்புகிறோம். திரும்பி வந்து, விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பது சின்னப் பிள்ளைக்கு ஒரு புதுவேலை. பிறகு, "இன்னுமா முடியவில்லை?" என்று கேட்பதும் நாம்தான்.

"கவனி, கவனி" என்று சொல்வதில் பயன் சிறிது. எப்படிக் கவனிப்பது என்று சொல்லித் தந்தால் பயனுண்டு. 1970-களின் நடுவில் சார்லட் பாட்டர்சன், வால்ட்டர் மிஷல் என்ற இருவர், பள்ளி செல்லாத சிறு பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். பலகைத் துளைகளில் முளைகளைச் செருக வேண்டும். எதிரே கோமாளி முகமும் மின்விளக்கும் உடைய ஒரு பெட்டி, "என்னோடு விளையாட வா" என்று அழைத்துக்கொண்டே இருக்கும். சில பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். கோமாளி அழைத்தால், உன்னைப் பார்க்கமாட்டேன் என்ற பொருளில் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டும். அவ்வாறு சொல்லிக்கொண்ட பிள்ளைகள் மற்றவர்களைவிட நெடுநேரம் வேலையில் நின்றார்கள். "நன்றாக வேலை செய்" என்று ஊக்குவதைவிட, "இது வந்தால் இதைச் சொல்" என்று குறிப்பாகச் சொல்லித் தருவதே பிள்ளைக்குப் பிடிகொம்பாகிறது. லாரி வந்தால் என்ன செய்வது என்று நம் பிள்ளையோடும் முன்பே பேசி வைக்கலாம்: "லாரி வந்தால் வரட்டும், இந்தக் கணக்கை முடித்துவிட்டுப் பார்ப்பேன்."

கண்ணுக்கும் அவ்வாறே ஒரு பிடி வேண்டும். பிரெஞ்சு நாட்டு எலியான் வுர்பியோ 1968-இல், ஆறு ஆறு சன்னல்கள் உள்ள இரு வீடுகளின் படத்தைக் காட்டி, இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டார். நான்கு ஐந்து வயதினர் இரண்டொரு சன்னலைப் பார்த்துவிட்டு "ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டார்கள். ஆறு வயதுக்கு மேலேதான் சன்னலுக்குச் சன்னல் ஒப்பிடும் ஒழுங்கு வருகிறது. ஓதுபள்ளியில் வரியின் கீழ்க் குச்சி வைத்து ஓதச் சொல்லும் பழைய வழக்கத்தை நாம் இங்கே நினைக்கிறோம். இருபது பிள்ளைகளின் குரலுக்கு நடுவே, அந்தக் குச்சியன்றோ சின்னக் கண்ணைத் தன் வரியில் நிறுத்துகிறது!

இன்னொன்றும் உண்டு. சிறு பிள்ளையின் இந்த நிலையை முழுக் குறை என்று எண்ணிவிடலாகாது. 2017-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், சிவப்பும் பச்சையுமாக ஒன்றன்மேல் ஒன்று வரைந்த இரு உருவங்களுள் ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். சொன்ன உருவம் மாறியபோது பெரியவர்கள் நன்றாகக் கண்டுபிடித்தார்கள். கவனிக்கச் சொல்லாத உருவம் மாறியபோதோ, நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகள் பெரியவர்களை வென்றுவிட்டார்கள். கீழே உருண்டோடிய காசு எந்த அலமாரிக்கு அடியில் போயிற்று என்று கடையில் அனைவரும் தேடும்போது, ஐந்து வயதுப் பிள்ளை கையை நீட்டிக் காட்டுவதை நாம் கண்டிருக்கிறோம். உலகம் இன்னதென்று இன்னும் அறியாத வயதில் எதையும் தள்ளாமல் பார்ப்பது அதற்கு வேண்டியதுமாகும்.

எல்லாம் வயதோடு சரியாகிவிடும் என்று சொல்லி நாம் யாரையும் தூங்கவைக்கவும் விரும்பவில்லை. சில பிள்ளைகளுக்கு உண்மையாகவே மருத்துவர் உதவி வேண்டும். ஒத்த வயதுப் பிள்ளைகளைவிட வெகுவாகப் பின்தங்கி, வீட்டிலும் பள்ளியிலும் ஆக இரண்டிடத்திலும், ஆறு மாதத்துக்கு மேலாக ஒன்றிலும் மனம் நிற்காத நிலை இருந்தால் காட்டத்தான் வேண்டும். கடையில் மட்டும் பராக்கு, பள்ளியில் ஆசிரியருக்குக் குறையில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் மேசை போட்ட இடத்தில் இருக்கிறது. ஆகவே முதலில் வகுப்பாசிரியரைக் கண்டு கேளுங்கள். பிள்ளையின் கண்ணையும் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையும் சன்னல் வழியேதான் பார்க்கும். சன்னலுக்கு வெளியே உள்ளது பெரிதாக இருப்பதால் அது நன்றாகத் தெரிகிறது.